வேல்ஸ் தேவதைகளின் மாடுகள் ஏன் ஏரிக்கே திரும்பிப் போயின?

#1 ஏரிக்கரை

மூன்று மாதமாக வேல்ஸ் நாட்டுப்புறக் கதைகளையே படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. இங்கே பேசினால் தெளியும் என்று நினைத்து எழுதுகிறேன்.

தேவதை என்றதும் நமக்குச் சிறகும் கையில் ஒரு கோலும்தான் ஞாபகம் வரும். வேல்ஸ்காரர்களின் பழங்கதைகளில் சிறகு கிடையாது. அவர்களுக்கு டில்வித் டேக் என்று பெயர். ‘அழகான குடும்பத்தார்’ என்று அர்த்தம். தெற்கே கிளமோர்கன் பக்கம் ‘பெண்டித் அ மமை’, அதாவது ‘தாய்மாரின் ஆசி’ என்பார்கள். குடும்பத்தார் என்றால் உண்மையிலேயே குடும்பத்தார்தான். வீடு உண்டு, சந்தைக்குப் போவது உண்டு, மாடு, ஆடு, குதிரை, நாய் எல்லாம் உண்டு.

என்னைப் பிடித்துக்கொண்ட கதை லின் பார்வோக் ஏரியுடையது. அபர்டவி ஊருக்கு மேலே, மலைக்குள் இருக்கும் சின்ன ஏரி. பெயருக்கு ‘தாடிக்கார ஏரி’ என்று பொருள். பொழுது சாயும் நேரத்தில் பச்சை உடுத்திய பெண்கள் பால்வெள்ளை மாடுகளோடும் நாய்களோடும் அந்தக் கரையில் தென்படுவார்களாம். ஒரு நாள் அந்த மந்தையிலிருந்து பிரிந்த பசு ஒன்று, பக்கத்துக் குடியானவரின் மாடுகளோடு சேர்ந்துகொண்டது. அவருக்கு அன்றிலிருந்து யோகம்தான். அந்த மாதிரிப் பாலையும் வெண்ணெயையும் அந்த வட்டாரமே பார்த்ததில்லை. கன்றுகளும் அப்படியே. வருஷங்கள் ஓடின, பசுவுக்கு வயதாகிவிட்டது. இனி இதை வைத்து என்ன செய்வது என்று நினைத்த மனிதர், நன்றாகத் தீனி போட்டுக் கொழுக்கவைத்து வெட்ட நாள் குறித்தார். அவ்வளவு கொழுத்த மாட்டைப் பார்க்க ஊரே கூடியது. கசாப்புக்காரர் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே மரத்து நின்றது. ஒரு கூக்குரல் மலையெல்லாம் எதிரொலித்தது. நிமிர்ந்து பார்த்தால், ஏரிக்கு மேலே பாறையில் பச்சை உடுத்திய பெண்.

அவள் சாபம் எதுவும் விடவில்லை. மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மஞ்சளே, கொம்பு திரிந்தவளே, ஏரியின் புள்ளிக்காரியே, மொட்டைத்தலை டோடினே, எழுந்திருங்கள், வீட்டுக்கு வாருங்கள். அவ்வளவுதான். கிழப்பசுவும், அதன் மகள்களும், பேத்திகளும் ஒன்றுவிடாமல் மலையேறிப்போய் ஏரிக்குள் இறங்கின. பின்னால் ஓடிய குடியானவருக்கு மிஞ்சியது தண்ணீர்மேல் அல்லிப்பூக்கள்.

கேள்வி இதுதான். எத்தனையோ விதமாகத் தண்டிக்கலாம். ஏன் மாடுகளைக் கூப்பிடுவதோடு கதை முடிகிறது?

#2 மயிலைக்காளை

எழுதியதற்கு நன்றி. மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவன் என்பதால் எனக்கு அந்தக் கடைசி அழைப்புத்தான் பெரிதாகப் படுகிறது. மந்தையில் இருபது மாடு இருந்தால் இருபதுக்கும் பெயர் உண்டு. அநேகமாக நிறமும் கொம்பும்தான் பெயர். மயிலை, செவலை, காரி, கூழைக்கொம்பு, மொட்டை. நீங்கள் சொன்ன வேல்ஸ் பெயர்களும் அதே ரகம்தானே? மஞ்சள், கோணல் கொம்பு, புள்ளி, மொட்டை. மாடு மேய்த்தவர்கள் சொன்ன கதை இது. மாட்டை ஏட்டில் மட்டும் பார்த்தவருக்கு இந்த வரிசை வாயில் வராது.

இன்னொன்று. தன் பெயரைக் கேட்டு மாடு திரும்புகிறது என்றால், அது யார் மாடு என்பது அந்த இடத்திலேயே தீர்ந்துபோகிறது. அந்த ஆளிடம் அது இத்தனை வருஷம் இருந்தது, ஆனால் அவருடையதாக இருந்ததில்லை.

#3 ஏட்டுச்சுவடி

நல்ல தொடக்கம். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். இந்தக் கதையை 1880இல் அச்சில் பரப்பியவர் வர்ட் சைக்ஸ், கார்டிஃபில் அமெரிக்காவின் துணைத்தூதராக இருந்தவர். பச்சை உடை, மாலை வெயில், பாறைமேல் பெண் என்ற அலங்காரத்தில் 19ஆம் நூற்றாண்டின் கை எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். ஆனால் அழைப்பு வரிகள் வேறு சங்கதி. அவை வேல்ஸ் மொழியிலேயே, எதுகையோடு, பாட்டாக வருகின்றன. கதை மாறினாலும் பாட்டு மாறாமல் வாயில் தங்கும்.

சில வடிவங்களில் ஒரே ஒரு பசு மட்டும் கரையிலேயே நின்றுவிடுகிறது. வெள்ளையாக இருந்தது கறுப்பாகிவிடுகிறது. இன்றைய வேல்ஸ் கறுப்பு மாட்டினம் அதன் வழி வந்தது என்பார்கள்.

#4 பனிமூட்டம்

நான் ஏழு வருஷமாகக் கார்மார்தன்ஷயரில், லாண்டைலோ பக்கத்தில் இருக்கிறேன், ஆஸ்பத்திரி வேலை. இந்த இழையைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊரை ஒட்டி டினெவுர் பூங்கா இருக்கிறது. அங்கே இன்றும் ஒரு பழைய வெள்ளை மாட்டு மந்தை உண்டு. உடம்பு முழுக்க வெள்ளை. காதும் மூக்கும் கண்ணோரமும் மட்டும் கறுப்பு, மையிட்ட மாதிரி. இதே இனத்தில் காது சிவந்தவையும் பிறப்பதுண்டு. டினெவுர் ஒரு காலத்தில் தென்மேற்கு வேல்ஸ் அரசர்களின் இடம். அந்த அரசரை அவமதித்தவன் கட்ட வேண்டிய அபராதம் பழைய சட்டத்தில் இப்படி இருக்கிறது: ஆர்கோயல் என்ற இடத்திலிருந்து டினெவுர் அரண்மனை வரை தலையும் வாலுமாக வரிசையில் நிற்கும் அளவுக்குச் சிவந்த காது கொண்ட வெள்ளைப் பசுக்கள். இருபது பசுவுக்கு அதே நிறத்தில் ஒரு காளை. படித்துவிட்டு மறுநாள் பூங்காவுக்குப் போய் வேலியோரம் அரைமணி நேரம் நின்றேன். ஒரு கிழப்பசு என்னையே பார்த்துக்கொண்டு அசைபோட்டது.

வெள்ளை உடம்பு, சிவந்த காது. தேவதைக் கதைகள் பரிச்சயமானவர்களுக்கு இது உடனே மணியடிக்கும்.

#5 ஏரிக்கரை

மணியடித்துவிட்டது! கூன் அன்னூன்!

தெரியாதவர்களுக்காக: அன்னூன் என்பது வேல்ஸ் கதைகளின் மறுவுலகம். கூன் என்றால் நாய்கள். மபினோகி என்ற இடைக்கால வேல்ஸ் கதைத்தொகுப்பின் முதல் கிளையிலேயே, அதாவது முதல் பகுதியிலேயே, அவை வந்துவிடும். டவெட் நாட்டு அரசன் புயில், கிளின் கீஹ் காட்டில் வேட்டைக்குப் போகிறான். வேறு யாருடைய நாய்களோ ஒரு மானை வீழ்த்தி நிற்கின்றன. அப்படி ஒரு நிறத்தை அவன் கண்டதில்லை. பளபளக்கும் வெள்ளை, காது மட்டும் சிவப்பு. அவன் அவற்றை விரட்டிவிட்டுத் தன் நாய்களை மான்மேல் விடுகிறான். அந்த மரியாதைக் குறைவுக்கு ஈடாகத்தான் அன்னூன் அரசன் அரௌனின் உருவத்தில் ஒரு வருஷம் மறுவுலகில் இருந்து, அவனுடைய எதிரியோடு சண்டை போட வேண்டி வருகிறது.

பாருங்கள், அங்கேயும் தகராறு விலங்கை வைத்துத்தான். அடுத்தவன் நாய் பிடித்த மானை எடுத்துக்கொண்டது.

#6 கோர்கி வீடு

அன்னூன் நாய்கள் பயங்கரமானவை. எனக்குப் பிடித்தது அவர்களின் சின்ன நாய்கள். எங்கள் வீட்டில் பெம்ப்ரோக் கோர்கி இருக்கிறது. அதன் தோள்பட்டையில் சேணம் மாதிரி ஒரு நிறத் திட்டு. தேவதைகள் சவாரி செய்த தடம் அது என்று சொல்வார்கள். இதைப் பற்றி யாராவது விவரமாக எழுதுங்களேன்.

#7 ஏட்டுச்சுவடி

சேணத்தடக் கதை அழகானது, ஆனால் பழையது இல்லை. 1946இல் வந்த ஒரு ஆங்கிலக் கவிதை வழியாகப் பரவியது. வேல்ஸ் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டில் திரட்டிய கதைகளில் கோர்கிமேல் சவாரி செய்யும் தேவதையை நான் பார்த்ததில்லை. அவர்கள் ஏறுவது குதிரைமேல்தான்.

மனம் தளர வேண்டாம். உங்களுக்கு உண்மையிலேயே பழைய நாய்க்கதை ஒன்று தருகிறேன். வடக்கு வேல்ஸில் ஒரு குடியானவர் மனைவி, வழியில் களைத்துக் கிடந்த ஒரு குட்டி நாயைப் பார்க்கிறார். டில்வித் டேக்கின் நாய் என்று தெரிகிறது. முன்றானையில் ஏந்திவந்து மெத்தென்று படுக்கவைத்துப் பார்த்துக்கொள்கிறார். மறுநாள் சொந்தக்காரர்கள் தேடி வருகிறார்கள். நன்றி சொல்லிவிட்டு ஒரு கேள்வி: “உங்களுக்கு மாட்டுத்தொழுவம் சுத்தமாக இருக்க வேண்டுமா, அழுக்காக இருக்க வேண்டுமா?” அந்த அம்மா யோசித்து, அழுக்காக இருக்கட்டும் என்கிறார். இருந்த மாடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாடு கிடைத்தது.

#8 மயிலைக்காளை

ஆஹா. சாணி விழாத தொழுவத்தில் மாடே இல்லை என்று அர்த்தம். அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது. இந்த இழையில் இதுவரை வந்ததில் எனக்கு இதுதான் முதல் இடம்.

#9 ஏரிக்கரை

குதிரை, நாய் என்று பேச்சு வந்ததால் மிகப் பழைய சாட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஜெரால்ட் என்ற பாதிரியார் 1188இல் சிலுவைப்போருக்கு ஆள் சேர்க்க வேல்ஸ் முழுக்கச் சுற்றினார். அந்தப் பயணக் குறிப்பில் எலிடிர் என்ற பூசாரியின் கதையை எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வயதில் வாத்தியார் அடிக்குப் பயந்து ஆற்றங்கரைப் பொந்தில் இரண்டு நாள் பட்டினியாக ஒளிந்திருந்தபோது, இரண்டு குட்டை மனிதர்கள் வந்து அவனைப் பூமிக்கடியில் ஓர் ஊருக்கு அழைத்துப்போனார்களாம். அங்கே சூரியன் தெளிவாகத் தெரியாது. ஆட்கள் சிறிய உருவம், அவர்கள் அளவுக்கே குதிரைகள், அவர்கள் அளவுக்கே வேட்டைநாய்கள். கறியும் மீனும் தொடமாட்டார்கள். பாலில் குங்குமப்பூ சேர்த்துச் சமைத்ததுதான் சாப்பாடு. பொய்யை வெறுப்பார்கள்.

பையன் அம்மா சொன்னாள் என்று அங்கிருந்து ஒரு தங்கப்பந்தைத் திருடிவருகிறான். வீட்டு வாசற்படியில் கால் தடுக்கிப் பந்து உருள, துரத்திவந்த இருவர் அதை எடுத்துக்கொண்டு, அவனைப் பார்த்த பார்வையிலேயே வெட்கவைத்துவிட்டுப் போகிறார்கள். அப்புறம் ஒரு வருஷம் தேடியும் அந்த வழி கிடைக்கவில்லை. வயதான பிறகும் அதைச் சொல்லும்போது அவர் கண்ணீர் விட்டாராம்.

கறி தின்னாதவர்கள் வேட்டைநாய் எதற்கு வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் பால் சாப்பாடு முக்கியம். 12ஆம் நூற்றாண்டிலேயே இவர்கள் பால்காரர்கள்தான்.

#10 பனிமூட்டம்

சரி, இனி எங்கள் பக்கத்துக் கதைக்கு வருவோம். லின் அ வான் வாஹ். இதைச் சொல்லாமல் இந்த இழை நிறையாது.

ஏரிக்குக் கீழே ப்ளைன்சௌதே பண்ணை. விதவைத்தாயின் மகன் ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறான். தண்ணீர்மேல் ஒரு பெண் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கிறாள். கையிலிருந்த ரொட்டியை நீட்டுகிறான். “உன் ரொட்டி காய்ந்துபோனது, என்னைப் பிடிப்பது சுலபமில்லை” என்று முங்கிவிடுகிறாள். மறுநாள் வேகாத மாவு. அதுவும் வேண்டாம் என்கிறாள். மூன்றாம் நாள் அரைவேக்காடு. அதை ஏற்றுக்கொண்டு கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். ஒரே நிபந்தனை: காரணமில்லாமல் மூன்று அடி பட்டால் போய்விடுவேன்.

சீதனம் எப்படி எண்ணப்பட்டது தெரியுமா? ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடியுமோ அத்தனை. அவள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஐந்தைந்தாக மூச்சு முட்டும்வரை எண்ணினாள். முதலில் செம்மறி, பிறகு மாடு, வெள்ளாடு, குதிரை. அத்தனையும் ஏரியிலிருந்து நடந்து கரையேறின. மத்வை ஊர்ப்பக்கம் எஸ்கைர் லைத்டி என்ற பண்ணையில் குடியேறி மூன்று பிள்ளை பெற்றார்கள். ‘லைத்டி’ என்றால் பால்வீடு. பெயரிலேயே பால்.

அடிகள் மூன்றும் பெரிய அடிகளே இல்லை. ஞானஸ்நானத்துக்குக் கிளம்பத் தாமதித்தவளைக் கையுறையால் தட்டியது ஒன்று. கல்யாண வீட்டில் அழுதவளைத் தட்டியது ஒன்று. சாவு வீட்டில் சிரித்தவளைத் தொட்டது ஒன்று. மூன்றாவதோடு அவள் எழுந்து வீட்டுக்குப் போய் மாடுகளை அழைத்தாள்.

புள்ளிக்காரி, மொட்டைப்புள்ளி, வெள்ளைப்புள்ளி, கிழட்டு வெள்ளைமுகம், மயிலை, அரசன் முற்றத்து வெள்ளைக்காளை என்று வரிசையாக. கடைசியில், வெட்டித் தோலுரித்துக் கொக்கியில் தொங்கிய சின்னக் கறுப்புக் கன்று. “நீயும் உடம்பு தேறி வீட்டுக்கு வா” என்றாள். கன்று கொக்கியை விட்டிறங்கி நடந்தது. வயலில் ஏர் பூட்டியிருந்த நாலு சாம்பல் எருதுகளையும் கூப்பிட்டாள். அவை கலப்பையோடு ஏரிக்குப் போயின. மண்ணைக் கீறிக்கொண்டே.

முதல்முறை படித்தபோது அந்தக் கன்று வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

#11 மயிலைக்காளை

சாம்பல் எருது என்று எழுதிவிட்டீர்களே. நாலு மயிலை எருது என்று எழுதுங்கள். அப்போதுதான் மண்ணைக் கீறும்.

#12 ஏரிக்கரை

என் கேள்விக்குப் பதில் எனக்கே இப்போது தெரிகிற மாதிரி இருக்கிறது. ஹவெல் தா அரசரின் பெயரில் வழங்கும் பழைய வேல்ஸ் சட்டங்களில் பெண்கள் பகுதியைப் பாருங்கள். மனைவியை அடிக்க மூன்றே மூன்று காரணங்களைத்தான் அது ஒப்புக்கொள்கிறது. வேறு எதற்கு அடித்தாலும் மானநஷ்டத்துக்கு அவளுக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஏழு வருஷம் வாழ்ந்து பிரிந்தால் சொத்து சரிபாதி. பன்றிகள் கணவனுக்கு, செம்மறிகள் மனைவிக்கு என்று பட்டியல் போட்டே பிரித்திருக்கிறார்கள்.

ஏரிப்பெண் கேட்டதும் அதுதானே? ‘காரணமில்லாத அடி’ என்ற சொல்லே சட்டத்தின் வாடை அடிக்கிறது. அவள் கொண்டுவந்ததை அவள் எடுத்துப்போகிறாள். லின் பார்வோக்கிலும் அப்படித்தான். அது தண்டனை இல்லை, கணக்குத் தீர்ப்பு.

#13 ஏட்டுச்சுவடி

மன்னிக்கவும், இதில் நான் உடன்பட மாட்டேன். சட்டச் சுவடிகள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைப்பவை. மத்வை ஏரிப்பெண் கதை முழுசாக அச்சேறியது 1861இல். நடுவே அறுநூறு வருஷம். ‘மூன்று’ என்பது எல்லா நாட்டுக் கதையிலும் வரும் எண். சட்டம் கதைக்குள் புகுந்தது என்று சொல்ல இது போதாது.

அதோடு, எல்லாத் தேவதை மனைவிகளும் அடிக்காகப் போகவில்லை. ஸ்னோடோனியாவில் பெட்டஸ் கார்மன் பக்கத்துக் கதையில் தடை இரும்பு. குதிரையைப் பிடிக்கக் கணவன் வீசிய கடிவாளத்தின் இரும்பு தவறி அவள்மேல் படுகிறது. அந்த நொடியே மறைந்துவிடுகிறாள். அங்கே என்ன வழக்கு, என்ன ஈடு?

#14 ஏரிக்கரை

நியாயமான அடி, காரணமுள்ள அடி. இரும்புக் கதையை நான் மறந்துவிட்டேன். சட்டத்திலிருந்து கதை வந்தது என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்றை விடமாட்டேன். இரண்டையும் சொன்னவர்கள் மாட்டை வைத்துச் சொத்தை அளந்த மக்கள். அபராதம் மாடு, சீதனம் மாடு, பிரிவினையிலும் கால்நடை. அவர்கள் கற்பனை செய்த மறுவுலகத்தின் செல்வமும் அதுவாகத்தான் இருக்கும்.

#15 மயிலைக்காளை

நான் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறேன். வேல்ஸில் கோடையில் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப்போய் அங்கேயே தங்குவார்களாம். கீழே இருக்கும் பழைய வீடு ஹென்ட்ரே, மேலே கோடைக்குடில் ஹவோட். இன்றும் எத்தனையோ பண்ணைகளுக்கு இந்தப் பெயர்கள் உண்டு. மலை ஏரிகளெல்லாம் அந்த மேட்டில்தான். குளிர் வந்ததும் மனிதர்கள் இறங்கிவிடுவார்கள், அப்புறம் அந்தப் புல்லும் தண்ணீரும் யாருக்கு? அங்கே வேறொரு குடும்பம், வேறொரு மந்தை இருக்கிறது என்று நினைப்பது மேய்ப்பவனுக்கு இயல்பு. அவர்கள் இடத்தில் நம் மாடு மேய்கிறது, அவர்கள் மாடு ஒன்று நம் மந்தையில் கலக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் தினம் நடக்கிற விஷயம்தான்.

#16 கோர்கி வீடு

வெள்ளாடுகளை மறந்துவிடாதீர்கள். அவை டில்வித் டேக்குக்கு நல்ல சிநேகிதமாம். வெள்ளிக்கிழமை இரவுதோறும் தேவதைகள் ஆடுகளின் தாடியைச் சீவிவிடுவார்களாம், ஞாயிற்றுக்கிழமைக்கு லட்சணமாக இருக்க. ஏட்டுச்சுவடி சார், இதாவது பழையதுதானே?

#17 ஏட்டுச்சுவடி

1880இல் அச்சில் இருக்கிறது. தைரியமாகச் சொல்லலாம்.

நானும் ஒரு பசுவைச் சேர்த்துவிட்டுப் போகிறேன். ஹிரைத்தோக் மேட்டில் ‘வியூஹ் வ்ரேஹ்’, புள்ளிப்பசு. யாருக்கும் சொந்தமில்லை. யார் எந்தப் பாத்திரத்தோடு வந்தாலும் நிறையப் பால் கொடுக்கும். ஒரு சூனியக்காரி சல்லடையைக் கொண்டுவந்து கறந்தாள். கறக்கக் கறக்கப் பால் சல்லடை வழியாக மண்ணில் போனது. பாத்திரம் நிறையவே இல்லை. மனம் உடைந்த பசு நடந்து லின் டாய் அஹென் என்ற ஏரியில் இறங்கி மறைந்தது. ‘இரண்டு எருதுகளின் ஏரி’ என்று அர்த்தம். அதன் பிள்ளைகளான இரண்டு எருதுகளும் கூடவே போயின. அந்தப் பசுவின் தொட்டி இருந்த இடம் என்று இன்றும் பெயர் சொல்லிக் காட்டுகிற நிலம் அங்கே உண்டு.

இதில் திருட்டு இல்லை, அடி இல்லை, இரும்பு இல்லை. கொடுத்ததை வீணாக்கியது மட்டும்தான்.

#18 மயிலைக்காளை

சல்லடை. பால் மண்ணில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பசு. இதற்குமேல் இன்று எனக்கு எழுத வராது.

#19 பனிமூட்டம்

இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது, நேற்று லின் அ வான் வாஹ் போய்வந்தேன். இந்த இழையை மனதில் வைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

வழியில் மீன்குஞ்சு வளர்க்கும் தொட்டிகள், பக்கத்தில் ஓடை. மேலே போனால் ஏரியை ஒட்டி ஒரு சின்ன அணை. முதல் உலகப் போர்க் காலத்தில், போருக்குப் போக மறுத்த இளைஞர்களையும் கொண்டுவந்து கட்டவைத்தது. அதற்குப் பின்னால் ஏரி, ஏரிக்குப் பின்னால் செங்குத்தான பாறைச்சுவர். ஆகஸ்ட் மாதம் முதல் ஞாயிறு அன்று ஏரி கொதிக்கும், அப்போது அந்தப் பெண் தெரிவாள் என்று முன்பெல்லாம் கூட்டம் கூட்டமாக ஏறிவருவார்களாம். நேற்று நான், ஒரு தம்பதி, ஐம்பது செம்மறி. அவ்வளவுதான் கூட்டம்.

கலப்பைக் கீறலைத் தேடினேன். கதையில் அந்தத் தடம் இன்றும் இருப்பதாகத்தான் சொல்கிறார்கள். சரிவில் எத்தனையோ ஓடைத்தடம், ஆட்டுத்தடம். எல்லாம் தண்ணீரை நோக்கியே இறங்குகின்றன. எது அது என்று சொல்ல முடியவில்லை.

திரும்பும்போது மத்வை தேவாலயத்துக்கும் போனேன். அவளுடைய மகன் ரியுவாலனும் பேரன்களும்தான் ரீஸ் க்ரிக் பிரபுவின் வைத்தியர்கள் என்று கதை சொல்லும். வைத்தியர்கள் கதையில்லை, 13ஆம் நூற்றாண்டில் உண்மையிலேயே இருந்தார்கள். வைத்தியக் குறிப்புகள் சுவடியில் இருக்கின்றன. அந்தப் பரம்பரையில் 1719இலும் 1739இலும் இறந்த இருவருக்குத் தேவாலயத்தில் கல்வெட்டு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரி என்பதால் அதன் முன்னால் கொஞ்சம் நேரம் கூடுதலாகவே நின்றேன்.

ஊரைவிட்டு வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. சாலையோர வயலில் ஒரு பெரியவர் வேலிக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாடுகளைக் கூப்பிட்டார். வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். “டெரே, டெரே.” வா, வா என்று அர்த்தம். கறுப்பு மாடுகள்தான், எட்டோ ஒன்பதோ. கடைசி மாடு உள்ளே போகும்வரை அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.